பிராகோ போட்ட பன்னிரண்டு நாள்

யாராவது ஒரு நேரத்தைச் சொன்னால் பிராகோ அதை உடனே எழுதிக்கொள்ள மாட்டாள். சொன்னவரின் முகத்தை ஒரு கணம் பார்ப்பாள். பிறகு தலைத்துணியின் மடிப்பிலிருந்து கட்டைப் பென்சிலை உருவி, நுனியை நாக்கில் தொட்டு, சொன்ன நேரத்தைச் சின்னதாக எழுதுவாள். கீழே ஒரு கோடு இழுப்பாள். கோட்டுக்கு அடியில், கொஞ்சம் பெரிதாக, இன்னொரு நேரம். கல்யாணப் பத்திரிகையில் காலை பத்து மணி என்று அச்சடித்திருந்தால் அதன் ஓரத்தில் பத்து, கோடு, ஒன்றே கால். குழாய் ரிப்பேர்காரன் நாளைக்கு வருகிறேன் என்றால் நாளை, கோடு, வெள்ளி. மேலே இருப்பது சொன்ன நேரம். கீழே இருப்பது நடக்கப்போகிற நேரம். எழுதி முடித்ததும் பென்சில் நுனியை விரலால் துடைத்துவிட்டு மறுபடி மடிப்பில் செருகிக்கொள்வாள். கீழே எழுதியது தப்பிப்போய் யாரும் பார்த்ததில்லை. தப்பிப்போன ஒன்றிரண்டை அவள் யாரிடமும் காட்டியதில்லை என்றும் சொல்வார்கள்.

குமாசி வண்டி நிலையத்தில் முப்பது வருடம் சீட்டு விற்றவளுக்கு இந்தப் பழக்கம் வராமல் எப்படி இருக்கும்? வடக்கே போகும் பஸ்களுக்கு அவள்தான் சீட்டு. அங்கே வண்டி நேரத்துக்குக் கிளம்பாது, நிறைந்தால்தான் கிளம்பும். "எப்பக் கிளம்பும்?" என்று எந்த டிரைவரைக் கேட்டாலும் "இதோ" என்பார். பிராகோ மட்டும் காலி இருக்கைகளை எண்ணுவாள், வானத்தைப் பார்ப்பாள், என்ன கிழமை என்று யோசிப்பாள். "பதினொண்ணரை ஆகும். போய் ரெண்டு உருண்டை கென்கி சாப்பிட்டு வா, அவசரப்படாதே" என்பாள். சாப்பிட்டு வந்தவனுக்கு இடம் இருக்கும். அவள் சொன்னதை நம்பாமல் உள்ளேயே உட்கார்ந்து வெந்தவனுக்கும் இடம் இருக்கும். சாப்பாடுதான் இருக்காது.

அவள் சீட்டு விற்ற வண்டிகளில் ஒன்றை டான்குவா ஓட்டினான். வடக்கே டாமலே போய்ச் சேர ஏழு மணி நேரம், மறுநாள் திரும்பி வர ஏழு மணி நேரம். அவள் அவனை "டிரைவர்" என்று கூப்பிடுவாள். அவன் அவளை "புக்கிங்" என்பான். கல்யாணம் ஆகி, இரண்டு பையன்கள் பிறந்து, அவர்கள் படித்து வேலைக்குப் போய், இவர்கள் இருவரும் வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் அந்தப் பெயர்கள் மாறவில்லை.

டான்குவா கடைசிப் பதினான்கு வருடம் ஓட்டியது ஹாலந்திலிருந்து கப்பலில் வந்த பழைய பஸ். அதன் நெற்றியில் ஒரு கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்குள் ஊர்ப் பெயர்கள் எழுதிய துணிச்சுருள். சுற்றும் கைப்பிடி வரும்போதே உடைந்திருந்தது. கப்பலேறுவதற்கு முன் கடைசியாக எந்த ஊரில் நின்றதோ அந்த ஊரிலேயே சுருள் நின்றுவிட்டது: லாவர்சோக். பஸ் டாமலே போனாலும் லாவர்சோக், டெச்சிமான் சந்தைக்குச் சேனைக்கிழங்கு ஏற்றப் போனாலும் லாவர்சோக். ஜனங்கள் அதை வண்டியின் பெயர் என்றே நினைத்துக்கொண்டார்கள். "லாவர்சோக் வந்தாச்சா?" "லாவர்சோக்ல ஜன்னல் சீட் குடு புக்கிங்." அது ஏதோ சாமி பெயர் என்று நினைத்து, ஏறும்போது கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட கிழவர் ஒருவரும் இருந்தார்.

பஸ்ஸை உடைத்து இரும்புக்குப் போட்ட அன்றைக்கு டான்குவா சொன்னான்: "பதினாலு வருஷம் அந்த ஊருக்குப் போறேன்னு நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்டு வேற ஊருக்குப் போயிட்டிருந்தேன், புக்கிங். பொய்தானே அது?"

"அதுக்கு என்ன பண்ணணும்ங்கறே?"

"ஒரு தடவை போயிட்டு வந்துடலாம்."

அவன் அறுபத்தாறு வயதில் கேட்ட முதல் ஆசை அது. இடது முழங்கால் கிளட்ச்சை மிதித்து மிதித்துத் தேய்ந்திருந்தது. அடுத்த வருடம் தடி இல்லாமல் நடப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் பிராகோ கணக்குப் போட்டுப் பார்த்ததில் மேலே ஒரே ஒரு நேரம்தான் வந்தது. இந்த வருடம். கீழே எழுத ஒன்றும் இல்லை.

விசா என்றால் குமாசியில் எல்லாரும் லார்ட்டேயிடம்தான் போவார்கள். கைப்பேசிக் கடைக்கு மாடியில் அவன் அலுவலகம். ஒரு மின்விசிறி, ஒரு பிரிண்டர், சுவரில் பாரிஸ் இரும்புக் கோபுரத்தின் படம். லார்ட்டே எதையும் யோசித்து எழுதுவதில்லை. எல்லாருக்கும் ஒரே பயணத்திட்டம்தான், பெயரை மட்டும் மாற்றுவான். ஒன்பது நாள், ஆறு நாடு.

"விசா ஆபீஸ்காரங்களுக்கு ஊர் சுத்தறவனைத்தான் பிடிக்கும் ஆன்ட்டி," என்றான். "ஒரே ஊர்ல உட்கார்றவன் அங்கேயே உட்கார்ந்துடுவான்னு பயம். ஓடிக்கிட்டே இருக்கறவன் ஓடி வந்துடுவான்."

"இதுல லாவர்சோக் எங்கே?"

"அதெல்லாம் அங்க போனப்புறம் பார்த்துக்கலாம். இது பேப்பருக்கு."

பிராகோவுக்கு அந்தத் தாளைப் பார்த்தபோதே, கீழே கோடு இழுத்துத் தன் நேரத்தைப் போடக் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டாள். அடக்கியதுதான் தப்பு என்று பிறகு பல தடவை சொல்லியிருக்கிறாள்.

தலைநகர் அக்ராவில் விசா அலுவலகத்தில் டான்குவாவைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரப் பெண். தாளைப் புரட்டி, நாலாம் நாளில் விரலை வைத்தாள்.

"பாரிஸிலேர்ந்து ரோமுக்கு எப்படிப் போவீங்க?"

"பஸ்லன்னு போட்டிருக்கும்மா."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

டான்குவா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை வாங்கிப் பார்த்தான். முந்தின நாள்தான் பையனின் பழைய பள்ளிக்கூட வரைபடத்தில் நூல் வைத்து அளந்திருந்தான். "ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் இருக்கு. இதுல சாயங்காலம் ஏழு மணிக்கு ஏறி, காலைல எட்டுக்கெல்லாம் மியூசியம்னு போட்டிருக்காங்க. நடுவுல மலை வேற. இப்படி ஓட்டற டிரைவர் ஒண்ணு குடிச்சிருக்கணும், இல்லே சாகத் துணிஞ்சிருக்கணும். நான் ஏற மாட்டேம்மா."

"அப்போ இது உங்க திட்டம் இல்லையா?"

"இதை எழுதினவனுக்கு ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருக்கும்னே தெரியாது."

பத்து நாளில் பதில் வந்தது. அச்சடித்த தாளில் ஒரு கட்டத்தில் மட்டும் குறி. பயணத்தின் நோக்கமும் ஏற்பாடும் நம்பும்படி இல்லை.

லார்ட்டே தலையில் அடித்துக்கொண்டான். "ஆமாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும் மாமா! யாரும் பஸ்ல ரோமுக்குப் போகப் போறதில்லையே!"

"போக முடியாத வழியைப் போகலாம்னு சொல்ல நான் பாதிரியாரா?" என்றான் டான்குவா. "நான் டிரைவர்."

மாடிப்படி இறங்கும்போது அவன் முகம் செத்துப்போயிருந்தது. இடது காலை ஒவ்வொரு படியிலும் பக்கவாட்டில் வைத்து இறங்கினான். பிராகோ தெருவுக்கு வந்ததும் அந்தத் தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகினாள்.

"நீ சொன்னதுதான் சரி, டிரைவர். அது ஓட்ட முடியாத திட்டம். ஓட்டக்கூடியதா ஒண்ணு நான் போடறேன்."

லார்ட்டே மேலேயிருந்து எட்டிப்பார்த்து எச்சரித்தான். இரண்டாவது தடவையும் மறுத்துவிட்டால் மூன்றாவதாகக் கேட்பதில் அர்த்தமே இல்லை, அந்தக் கறை பாஸ்போர்ட்டை விட்டுப் போகாது. பிராகோ காது கேட்காதவள் மாதிரி நடந்தாள்.

மூன்று வாரம் ஆயிற்று. கொல்லைப்புறத்தில் மாமரத்தடி மேஜையில் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகமும் கைப்பேசியுமாக உட்கார்ந்துவிட்டாள். மறுமுனையில் அக்காள் மகள் அடோமா. பதினோரு வருடமாக ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறவள். ரயில் நேரம், பஸ் நேரம், ஹோட்டல் எல்லாம் அவள் சொல்லச் சொல்ல பிராகோ எழுதினாள்.

"ஏர்போர்ட்லேர்ந்து குரோனிங்கனுக்கு ரயில்ல ரெண்டே கால் மணி நேரம் சின்னம்மா. அங்கேருந்து லாவர்சோக்குக்கு பஸ். அது ஒரு மணி நேரத்துக்கு மேல."

"சரி. ரயில் நிறையறதுக்கு மூணு மணி நேரம் போட்டிருக்கேன். போதுமா?"

"எது நிறையறதுக்கு?"

"ரயில்டீ. பெரிய வண்டியாச்சே. எழுநூறு எண்ணூறு பேராவது வந்தாத்தானே கிளப்புவான்?"

அடோமா சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள். கைப்பேசியை மேஜையில் வைத்துவிட்டு பிராகோ காத்திருந்தாள்.

"இங்க ரயில் யாருக்கும் நிக்காது சின்னம்மா. நேரமாச்சுன்னா போயிட்டே இருக்கும்."

"காலியாவா?"

"காலியாத்தான்."

"ஒருத்தரும் ஏறலேன்னா?"

"ஒருத்தரும் ஏறலேன்னாலும்."

"டீசல் யாருடீ போடறது?"

"கரண்ட்ல ஓடுது."

"கரண்டுக்கு யாரு கொடுக்கறது?"

மரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த டான்குவா தலையை ஆட்டினான். "பாவம் அந்த டிரைவர். காலி வண்டி ஓட்டினா தூக்கம் வரும். பின்னாடி ரெண்டு பேர் சண்டை போட்டாத்தான் கண் முழிச்சிருக்கும்."

பிராகோ நோட்டுப் புத்தகத்தைப் பின்னால் புரட்டினாள். போகிற வழியிலும் வருகிற வழியிலும் ஏழு இடத்தில் வண்டி நிறைய மூன்று மூன்று மணி நேரம் விட்டிருந்தாள். எல்லாவற்றையும் அடித்தாள். இருபத்தொரு மணி நேரம் மடியில் வந்து விழுந்தது.

"முழுசா ஒரு நாள் மிஞ்சுதே," என்றாள் அடோமா. "பாரிஸ் போயிட்டு வந்துடுங்க. பாரிஸ் பார்க்காம வந்தா குமாசியில யாராவது நம்புவாங்களா?"

பிராகோ பென்சிலை நாக்கில் தொட்டாள். ஏழாம் நாள் என்று எழுதி, பக்கத்தில் எழுதினாள்: ஒன்றும் இல்லை.

"என்ன எழுதினீங்க?"

"முப்பது வருஷம் காலைல நாலு மணிக்கு எழுந்திருக்கேன். ஏழாம் நாள் எழுந்திருக்க மாட்டேன். அதை எழுதினேன்."

மீதியையும் இதே வீம்போடுதான் போட்டாள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு இடம், அதுவும் முழங்கால் தாங்குகிற தூரம். அந்த ஊர் மாடிப்படிகள் செங்குத்தாக இருக்கும் என்று கேள்விப்பட்டு, ஹோட்டலுக்கு போன் பண்ணி அறைக்கு எத்தனை படி என்று கேட்கச் சொன்னாள். பதினெட்டு என்றார்கள். "படியா, ஏணியா? நல்லாக் கேளு" என்றாள். மூன்றாவது ஹோட்டலில் தரையிலேயே அறை கிடைத்தது. லாவர்சோக்குக்கு ஒரு தடவை இல்லை, மூன்று தடவை பஸ். ஒரு தடவை மழை பெய்யும், ஒரு தடவை முன் சீட்டில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள், மூன்றாவது தடவை சரியாக அமையும். இதுதான் அவள் கணக்கு.

முதல் தடவை ஹோட்டல் என்றதும் அடோமாவுக்கு வந்த கோபத்தைச் சொல்ல வேண்டும்.

"நான் ஒருத்தி இங்க இருக்கேன், நீங்க ஹோட்டல்ல தங்கறதா? அம்மா காதுக்குப் போனா என்னை உரிச்சிடுவாங்க. சனிக்கிழமை வேற இங்க நம்ம ஆளு ஒருத்தரோட சாவுக் கூட்டம். ஊர்லேர்ந்து சின்னம்மா வந்திருக்காங்கன்னு முன் வரிசைல உட்கார வைக்கலாம்னு இருந்தேன்."

"வாராவாரம் சனிக்கிழமை இங்க சாவுக்குத்தான் போயிட்டிருக்கேன். அதுக்குக் கடல் தாண்டி வரணுமா? முதல் நாள் சாயங்காலம் உன் வீட்ல சாப்பிடறோம். வர்றப்ப ரெண்டு போத்தல் மிளகாய் விழுது கொண்டுவர்றேன். அதோட சரி. அடுத்தவங்க மூட்டை ஒண்ணையும் தூக்கிட்டு வர மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

சொன்னபடியே செய்தாள். செய்தி பரவிய இரண்டாம் நாளே காய்ந்த மீன், மூலிகைப் பட்டை, யாரோ ஒரு பேரனுக்குக் கட்டவேண்டிய இடுப்பு மணி என்று பொட்டலங்கள் வாசலுக்கு வந்தன. விசாவே வரவில்லை, பொட்டலம் வந்துவிட்டது. வந்ததை எல்லாம் வந்தவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "முப்பது வருஷம் ஊரார் மூட்டையை வண்டிக் கூரையில ஏத்தினேன். இந்தத் தடவை நாங்கதான் மூட்டை" என்றாள். பக்கத்துத் தெரு முழுக்க அவளுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். தலைக்கனமா, தலைத்துணிக் கனமா என்று அவள் கவலைப்படவில்லை.

விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்ய மறுபடி லார்ட்டேயிடம்தான் போகவேண்டியிருந்தது. அவன் நோட்டுப் புத்தகத்தைப் படித்தான். ஒரு தடவை படித்து, மறுபடி முதலிலிருந்து படித்தான்.

"ஆன்ட்டி, கோபுரம் இல்லை. பாரிஸ் இல்லை. பன்னெண்டு நாள்ல ஒரே ஊர். அப்புறம் கடலோரத்துல ஒரு முனை, அதுக்கு மூணு தடவை. ஒரு நாள் ஒண்ணும் இல்லைன்னு வேற எழுதியிருக்கீங்க. லாவர்சோக்னு ஒரு இடம் இருக்கறது அந்த நாட்டுக்காரனுக்கே பாதிப் பேருக்குத் தெரியாது."

"என் புருஷனுக்குத் தெரியும்."

"எதுக்குப் போறீங்கன்னு கேப்பாங்களே?"

"பார்க்கறதுக்கு."

"அது போதாது. முழங்கால் வைத்தியம்னு போடலாம். அக்கா பொண்ணு பிள்ளை பெத்திருக்கான்னு போடலாம். சும்மா பார்க்கறதுக்குன்னு நம்ம ஊர்லேர்ந்து யாரும் வர மாட்டாங்கன்னு அவங்க நினைப்பு."

பிராகோ நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "நீ குழந்தையா இருந்தப்பலேர்ந்து நான் வெள்ளைக்காரங்களுக்குச் சீட்டு கொடுத்திருக்கேன் தம்பி. அரை டவுசர் போட்டுக்கிட்டு, முதுகுல மூட்டையைக் கட்டிக்கிட்டு, தோல் எல்லாம் செவந்துபோய் வருவாங்க. வடக்கே காட்டுல யானை பார்க்கப் போறேம்பாங்க. பாருங்கன்னு சீட்டைக் கிழிச்சுக் கொடுப்பேன். எதுக்குய்யா யானை பார்க்கறே, உங்க ஊருக்குத் திரும்பிப் போவியா, பாங்கில எவ்வளவு வெச்சிருக்கேன்னு ஒருத்தனைக் கேட்டிருப்பனா? அவன் யானையைப் பார்க்கலாம்னா என் புருஷன் ஒரு பஸ் ஸ்டாப்பைப் பார்க்கலாம். பார்க்கறதுக்குன்னு போடு."

லார்ட்டே போட்டான். ஏழாம் நாளை மட்டும் நைசாக 'நகரச் சுற்றுலா' என்று அடித்துவைத்தான். பிரிண்டரிலிருந்து வந்த தாளை பிராகோ ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துக் கண்டுபிடித்தாள். "ஒண்ணும் இல்லேன்னு எழுதியிருந்தேனே, அதை யாரு சுத்திப்பார்க்கக் கூட்டிட்டுப் போனது?" என்றாள். அவன் மாற்றி அடித்துக் கொடுத்தான்.

இந்தத் தடவை அக்ராவில் பிராகோவைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். அதே பெண்ணா வேறு பெண்ணா என்று அவளுக்குத் தெரியவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் எல்லாரும் ஒரே மாதிரி களைத்துப்போய் இருந்தார்கள். அந்தப் பெண் தட்டச்சுத் தாளையும் கூடவே பிராகோ இணைத்திருந்த நோட்டுப் புத்தகப் பக்கங்களின் நகலையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பன்னெண்டு நாளும் குரோனிங்கன்லயா?"

"பத்து ராத்திரி. திரும்பி வர்ற ராத்திரி விமானத்துல போயிடும்."

"மத்த நாடு எதுவும் பார்க்கலையா?"

"இதையே இன்னும் பார்க்கலையேம்மா."

"ஏழாம் நாள்ல ஒன்றும் இல்லைன்னு இருக்கு. விளக்க முடியுமா?"

"விளக்கினா அது ஒண்ணும் இல்லாம இருக்காதே."

அந்தப் பெண் தலை நிமிர்ந்தாள். பிராகோ பின்வாங்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், கைப்பையை இரண்டு கையாலும் மடியில் பிடித்துக்கொண்டு. வெளியே பெஞ்சில் டான்குவா உட்கார்ந்திருந்தான். இங்கே அவள் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் அவன் எந்தக் காலத்திலும் அந்த ஊரில் போய் இறங்கப்போவதில்லை.

"ஆம்ஸ்டர்டாம்ல உங்களுக்குச் சொந்தக்காரங்க இருக்காங்க. அங்கேயே தங்கிட மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

"பதினாலாம் நாளைப் பாருங்க."

"பயணம் பன்னெண்டு நாள்தானே?"

"அது உங்க கணக்குல. என் வீட்டு வாசல்ல காலை வைக்கற வரைக்கும் பயணம்தான். அடுத்த பக்கம்."

அந்தப் பெண் பக்கத்தைத் திருப்பினாள். பன்னிரண்டாம் நாள்: அக்ராவில் இறங்குதல். குமாசி பஸ், நிறையும் வரை நாலு மணி நேரம். பதிமூன்றாம் நாள்: தூக்கம், துணி துவைத்தல். பதினான்காம் நாள், சனிக்கிழமை: அண்ணன் இறந்து ஒரு வருட நினைவு. காலை ஐந்து மணிக்கே போய்விட வேண்டும்.

"குடும்பத்துல எல்லாத்தையும் எடுத்து நடத்தற பொம்பளை நான்," என்றாள் பிராகோ. "வந்தவங்க கையைப் பிடிச்சு உட்கார வைக்கறதும், யாருக்கு என்ன கொடுக்கணும்னு சொல்றதும் என் வேலை. துணி தைக்கக் கொடுத்தாச்சு. அன்னிக்கு என் நாற்காலி காலியா இருந்தா, நான் செத்தப்புறம் என் சாவுல உட்கார்ந்துகூட அதைத்தான் பேசுவாங்க. உங்க நாடு எவ்வளவு அழகா இருந்தாலும் அந்தப் பேச்சுக்கு ஈடாகாதும்மா."

அந்தப் பெண் எதையோ தட்டச்சு செய்துவிட்டு, மறுபடி நகலில் விரலை வைத்தாள்.

"இந்த நேரமெல்லாம் ஏன் ரெண்டு ரெண்டா இருக்கு?"

"மேல இருக்கறது நீங்க சொல்றது. கீழ இருக்கறது நடக்கறது. விசா பதினஞ்சு நாள்ல வரும்னு வாசல்ல ஒட்டியிருக்கீங்க. நான் கீழ இருபத்தஞ்சு எழுதியிருக்கேன்."

அந்தப் பெண் சிரித்தாள் என்று பிராகோ சொன்னதில்லை. சிரிக்கவில்லை என்றும் சொன்னதில்லை.

பிறகு டான்குவாவை அழைத்தார்கள். லாவர்சோக்கில் அவனுக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். பதினான்கு வருடம் நெற்றியில் எழுதி ஒட்டியிருந்த பொய்யை அவன் சொன்னான்.

"சரி, அங்க போய் என்ன செய்வீங்க?"

"இறங்குவேன். முன்னாடி வந்து நின்னு வண்டியைப் பார்ப்பேன். பக்கத்துல கடல்னு சொல்றாங்க, அதையும் பார்ப்போம். அப்புறம் அதே வண்டில திரும்பிடுவோம். கடைசி வண்டி வரைக்கும் இருக்க மாட்டோம். கடைசி வண்டியை நம்பறவன் டிரைவரே இல்லை."

"இந்தத் திட்டம் உங்களோடதுதானா?"

"புக்கிங் போட்டது," என்றான் டான்குவா. அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை என்று தெரிந்து மறுபடி சொன்னான். "என் மனைவி போட்டது. இது ஓட்டக்கூடிய திட்டம்மா. நான் ஏறுவேன்."

இருபத்து மூன்றாம் நாள் உறை வந்தது. லார்ட்டேயின் மாடியில் வைத்துப் பிரித்தார்கள். இரண்டு பாஸ்போர்ட்டிலும் விசா ஒட்டியிருந்தது. லார்ட்டே ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"பன்னெண்டே நாள். ஒரு நாள் கூட அதிகம் இல்லை. எல்லாருக்கும் கொஞ்சமாவது சேர்த்துக் கொடுப்பாங்க. உங்களை இன்னும் நம்பலை ஆன்ட்டி."

"நான் பன்னெண்டுதான் கேட்டேன். அதிகமா கொடுத்திருந்தா நான் போட்டதை அவங்க படிக்கலைன்னு அர்த்தம்," என்றாள் பிராகோ. டான்குவா இரண்டையும் வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டான். படி இறங்கும்போது இந்தத் தடவை அவள் முன்னால் போனாள், அவன் கை அவள் தோளில் இருந்தது.

போனார்கள். பன்னிரண்டாம் நாள் வந்தார்கள். பதினான்காம் நாள் காலை ஐந்து மணிக்குப் பிராகோ புதுத் துணி கட்டிக்கொண்டு தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கோபுரம் பார்த்தாயா என்று கேட்டவர்களுக்கு, "இல்லை. பத்து மணி வரைக்கும் தூங்கினேன்" என்றாள். கேட்டவர்கள் அவளுக்கு வருத்தம் என்று நினைத்து ஆறுதல் சொன்னார்கள். டான்குவா பந்தலுக்கு வெளியே மற்ற டிரைவர்களோடு உட்கார்ந்து, லாவர்சோக் போன பஸ்ஸின் டிரைவர் கடல் பக்கம் திரும்பும்போது எந்த கியரில் திருப்பினான் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

இன்னொரு விஷயம் பல மாதம் கழித்து, அடோமாவின் அம்மா வேறு எதையோ பேசும்போது சொல்லித்தான் தெரிந்தது. அடோமாவுக்கு வேலை அவர்கள் போய் இறங்கிய அந்த விமான நிலையத்தில், பெரிய கூடத்தைத் துடைப்பது. குரோனிங்கன் ரயில் கிளம்புவது அந்தக் கூடத்துக்கு நேர் கீழே. பிராகோவுக்குச் சொன்ன ரயில் நேரமெல்லாம் அவள் வேலைக்கு நடுவே அங்கே மாட்டியிருந்த பலகையைப் பார்த்துச் சொன்னவை. பதினோரு வருடத்தில் ஒரு நாள் கூட அவள் அந்த ரயிலில் ஏறியதில்லை.